கடை வாசல் ஏன் கத்துகிறது?

சட்டையில் தொங்கும் ஒரு பிளாஸ்ரிக் குமிழ், வாசலில் இரண்டு தூண், ஒரு ‘பீப்’ சத்தம். கடைக்காரருக்குக் காவலாகவும் வாங்க வருபவருக்குப் பயமாகவும் இருக்கும் இந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது? நூற்றாண்டுகளாக முத்துக்குக் காவல் இருந்த மன்னார்க் கரையில் நின்று இதைப் பார்த்தால் என்ன தெரிகிறது?

பேத்தி தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு உடுப்பு எடுக்கத்தான் என் பெரியம்மா மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து கொழும்புக்குப் போனார். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பெரிய உடுப்புக்கடை. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து, தலைக்கு ஒரு பூமுடி. காசைக் கட்டினார். பில்லை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் வாசல் கத்தியது.

“அம்மா, நில்லுங்க. பையைத் திறந்து காட்டுங்க.” காவலுக்கு நின்றவர் கையை நீட்டி வழியை மறித்தார். காசு கட்ட வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பைக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தார்கள். கைப்பையையும் திறக்கச் சொன்னார்கள். ஜெபமாலை, மருந்துக் குளிசை, பஸ் ரிக்கெற் எல்லாம் அந்த மேசைக்கு வந்தன. கடைசியில்தான் தெரிந்தது, சட்டையின் உள்மடிப்பில் கிடந்த களவுத் தடுப்பு டேக்கைக் காசாளர் கழற்ற மறந்திருந்தார். “சொறி அன்ரி” என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு அது முடியவில்லை. ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். “கள்ளியப் போல நிப்பாட்டிப் போட்டாங்கள் தம்பி. பிள்ளையின்ர சட்டையப் பாக்கேக்க எல்லாம் அந்தச் சத்தம்தான் கேக்குது.”

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதற்கு உண்மையில் என்ன தெரியும் என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். தேடித் தெரிந்துகொண்டதில் ஒன்றைப் பெரியம்மாவுக்கு முதலில் சொன்னேன். அந்தத் தூணுக்கு அவரைத் தெரியாது. அவர் காசு கட்டினாரா இல்லையா என்பதும் தெரியாது. சட்டையில் இருந்த ஒரு சிறு பொருள் இன்னும் விழித்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இரண்டு போத்தல் வைன்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அக்ரன் என்றொரு நகரம். 1960களில் அங்கே குரோகர் சுப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு ரொனால்ட் அசாஃப் முகாமையாளராக இருந்தார். ஒருநாள் இரண்டு வைன் போத்தல்களுடன் ஒருவன் கடையை விட்டு ஓடினான். அசாஃப் துரத்திக்கொண்டு ஓடினார், பிடிக்க முடியவில்லை. மூச்சிரைக்கத் திரும்பிவந்தவர், இதை நிறுத்த வழி கண்டுபிடிக்கிறவன் பெரிய பணக்காரன் ஆவான் என்று தன் உறவினர் ஜாக் வெல்ஷிடம் சொன்னாராம். வெல்ஷ் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. பொருளில் ஒட்டும் ஒரு துண்டையும் அதை வாசலில் உணரும் ஒரு கருவியையும் செய்துபார்த்தார். சென்சர்மற்றிக் என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1966இல், ஆர்தர் மினசி என்ற இன்னொருவர் நோகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்றாவது பெரிய நிறுவனமான செக்பொயின்ற் 1969இல் வந்தது. நூலகங்களிலிருந்து புத்தகம் களவு போவதைத் தடுப்பதே அதன் முதல் வேலை.

யோசனை இவர்களுக்கும் முந்தியது. குறிப்பிட்ட வகை உலோகத் துண்டு ஒன்று காந்தப் புலத்துக்குள் வரும்போது அதைத் தனியாக அடையாளம் காணலாம் என்று பிக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் 1934இலேயே காப்புரிமை எடுத்திருந்தார். அதைக் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்த இன்னும் முப்பது வருடம் சென்றது.

விட்டபின்னும் ஒலிக்கும் மணி

சவர அலகுப் பெட்டியிலோ வாசனைத் திரவியப் பெட்டியிலோ ஒட்டியிருக்கும், சற்றுப் புடைத்த வெள்ளைப் பிளாஸ்ரிக் பட்டை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நீளம் சுண்டுவிரலுக்குக் கிட்ட வரும். அது ஏன் புடைத்திருக்கிறது என்பதிலேயே அதன் இரகசியம் இருக்கிறது. உள்ளே ஒரு மெல்லிய உலோக நாடா ஒட்டாமல் சும்மா கிடக்கிறது. அதிர இடம் வேண்டும் என்பதற்காகவே அந்தப் புடைப்பு.

அந்த நாடா சாதாரண உலோகம் அல்ல. உருக்கிய கலப்பு உலோகத்தைப் பளிங்காக இறுக நேரம் கொடுக்காமல் மிக வேகமாகக் குளிரவைத்து எடுப்பது. உள்ளமைப்பில் அது கண்ணாடியைப் போன்றது. காந்தப் புலத்துக்குள் வந்தால் அதன் நீளம் கண்ணுக்குத் தெரியாத அளவில் கூடிக் குறையும். அதன் பக்கத்தில் இன்னொரு நாடா இருக்கிறது, அது ஒரு மெல்லிய காந்தம். முதல் நாடாவைச் சரியான சுருதியில் நிறுத்தி வைப்பது அந்தக் காந்தம்தான்.

வாசல் தூண் செய்வது இது. செக்கனுக்கு 58,000 தடவை அதிரும் காந்த அலையை ஒரு கணம் அனுப்பும், பிறகு நிறுத்தும். செக்கனுக்குள் பல பத்துத் தடவை இப்படி அனுப்புவதும் நிறுத்துவதுமாக இருக்கும். அலை வரும்போது நாடா நடுங்கும். அலை நின்ற பின்னும் அந்த நடுக்கம் உடனே அடங்காது. கோயில் மணியை அடித்துவிட்டுக் கயிற்றை விட்ட பின்னும் ஓசை சற்று நேரம் நிற்கிறது அல்லவா, அதுபோல. தூண் தன் சத்தத்தை நிறுத்திவிட்டு, அந்த மிச்ச ஓசைக்குக் காது கொடுக்கும். தான் வாய் மூடிய நேரத்தில் 58,000இல் ஏதோ ஒன்று முனகுகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டால்தான் கத்தும். இரண்டு தூண்களுக்கு நடுவே ஆறேழு அடி இடைவெளி இருந்தாலும் கேட்கும். பொறியியலாளர்கள் செய்தவற்றுள் நான் மிக விரும்பும் யோசனைகளில் இது ஒன்று. சத்தம் போட்டுத் தேடாமல் அமைதியாக இருந்து தேடுகிறது.

காசு கட்டும் மேசையில் ஒரு தட்டு இருக்கும். பொருளை அதன்மேல் வைக்கும்போது இரண்டாவது நாடாவின் காந்தம் அழிந்துபோகிறது. மணி உடைவதில்லை, அதன் சுருதி மாறிவிடுகிறது. இனி அது 58,000இல் ஒலிக்காது, தூணுக்கும் கேட்காது. ஆனால் காந்தம் அழிந்த நாடாவுக்கு அருகே வேறொரு பலமான காந்தம் வந்தால் அது மறுபடி விழித்துக்கொள்ளவும் கூடும். ஒரு கடையில் ஒழுங்காக வாங்கிய பொருள் அடுத்த கடை வாசலில் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னச் சதுரக் கடதாசி ஸ்ரிக்கராக வருவது வேறு வகை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அலுமினியக் கம்பி நத்தைச் சுருள்போல் சுற்றியிருப்பது தெரியும். இந்தச் சுருளும் இரண்டு தகடுகளுக்கிடையில் மின்னைத் தேக்கும் ஒரு பகுதியும் சேர்ந்தால் ஒரு வானொலிச் சுற்று. பழைய ரேடியோவின் குமிழைத் திருகி இலங்கை வானொலியைப் பிடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குமிழைத் திருகும்போது நாம் செய்தது, உள்ளே இருந்த இப்படியொரு சுற்றை நிலையத்தின் அலைவரிசைக்குப் பொருந்தவைத்ததுதான். ஸ்ரிக்கரில் குமிழ் கிடையாது. அது ஒரேயொரு ‘நிலையத்துக்கு’, 8.2 மெகாஹேர்ட்ஸுக்கு, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. தூண் அந்த எண்ணுக்கு மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டே இருக்கும். ஸ்ரிக்கர் அந்த இடத்தில் சக்தியைக் கொஞ்சம் உறிஞ்சுவதைத் தூண் உணர்ந்தால் சத்தம் வரும். காசாளரின் மேசையில் உள்ள கருவி பலமான ஒரு துடிப்பை அனுப்பி, தகடுகளுக்கிடையே வேண்டுமென்றே மெல்லியதாக விட்ட ஒரு புள்ளியை எரித்துவிடும். அத்துடன் அதன் கதை முடிந்தது.

நூலகங்களில் புத்தக முதுகுக்குள் ஒளிந்திருப்பது மூன்றாவது வகை, மயிரிழைபோல மெல்லிய காந்த நாடா. இரவல் கொடுக்கும்போது அணைக்கவும் திரும்பி வரும்போது எழுப்பவும் முடியும் என்பதால் நூலகருக்கு அது வசதி.

பெரியம்மாவின் சட்டையில் இருந்தது துணிக்கடைகளில் தொங்கும் தடித்த பிளாஸ்ரிக் குமிழ். மேலே சொன்ன வகைகளில் ஏதாவது ஒன்று அதற்குள்ளும் இருக்கும். அதைத் துணியோடு பிடித்திருப்பது ஓர் ஊசி. அந்த ஊசியின் கழுத்தைச் சுற்றி, கூம்பு வடிவக் குழிக்குள், மூன்று சிறிய உருக்கு உருண்டைகள் வில்லால் அழுத்தப்பட்டிருக்கின்றன. ஊசியை இழுக்க இழுக்க உருண்டைகள் கூம்பின் ஒடுங்கிய பக்கம் நகர்ந்து இன்னும் இறுக்கும். கடைக்காரரின் பலமான காந்தம் உருண்டைகளை மறுபக்கம் இழுத்தால் பிடி தளரும். பூட்டிலும் திறப்பிலும் மின்சாரமே இல்லை. சில குமிழ்களுக்குள் மை நிரப்பிய கண்ணாடிக் குப்பியும் உண்டு. பலவந்தமாகக் கழற்றினால் குப்பி உடைந்து உடுப்பு பாழாகும்.

எல்லா வகைக்கும் ஒரே அறிவுதான். விழித்திருக்கிறதா, தூங்குகிறதா. பொருள் என்ன, விலை என்ன, யார் கையில் இருக்கிறது, எதுவும் அதற்குத் தெரியாது. மின்கலமும் கிடையாது, உங்களைப் பின்தொடரவும் மாட்டாது.

இன்றைய புதிய வகை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அறியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு சில்லும் தனி எண்ணும் இருக்கும். யுனிக்லோ, டெக்கத்லோன் போன்ற கடைகளில் கூடையை அப்படியே வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாக எண்ணப்பட்டுப் பில் வருகிறது. தண்ணீரும் உலோகமும் அந்த அலைக்கு ஆகாது என்பதால் பானப் போத்தலுக்கும் மீன் ரின்னுக்கும் அது இலகுவில் சரிவராது, துணிக்கு நன்றாகச் சரிவரும். ஏற்றுமதிக்குத் தைக்கும் தொழிற்சாலையிலேயே, வாங்கும் நிறுவனம் கேட்டபடி, விலைத்துண்டோடு இதையும் கோத்து அனுப்புகிறார்கள். எங்கள் வடக்குப் பெண்பிள்ளைகள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்கிறார்கள். உலகத்தின் ஏதோ ஒரு வாசலில் கத்தக்கூடிய ஒன்றை அவர்களில் ஒருத்தி விரல்களால் கோத்துவிட்டு, மாலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடையாளம் இட முடியாத பொருள்

இனி எங்கள் கரைக்கு வருவோம். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி. மன்னார்த் தீவைத் தாண்டித் தெற்கே போகும் இந்தக் கரைக்கு எதிரே, கடலுக்குள், சிப்பி விளையும் பார்கள் இருந்தன. பெரியபார், செவல்பார் என்ற பெயர்களை அரசாங்க அறிக்கைகள் எல்லாம் தமிழ்ச் சொல்லாகவே எழுதிவைத்திருக்கின்றன. முத்துக்குளிப்பை எங்கள் முன்னோர் சலாபம் என்றார்கள். சலாபம் கூடும் வருடங்களில், பருவக்காற்று ஓய்ந்த பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வெறும் மணற்பரப்பில் ஒரு நகரமே முளைக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம், அரபுக் கரை என்று பல திசைகளிலிருந்து குளிகாரரும் வணிகரும் வந்தார்கள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 இலட்சம் ரூபாய்.

களவுக்கு இதைவிட வசதியான பொருள் உலகத்தில் உண்டா? ஒரு முத்து மஞ்சாடி எடைதான் இருக்கும், ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றும் விலை போகும். வாய்க்குள், மூக்குக்குள், காதுக்குள், துணி மடிப்புக்குள் போய்விடும். அதில் ஊசி குத்த முடியாது, ஸ்ரிக்கர் ஒட்ட முடியாது. பொருளில் அடையாளம் இட வழியில்லாத இடத்தில் காவல் எங்கே போய் நிற்கும்? மனிதனின் உடம்பில் போய் நின்றது.

ஆங்கிலப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதை எழுதியிருக்கிறார். முத்தை விழுங்கிவிட்டான் என்று ஒருவன்மீது சந்தேகம் வந்தால் வணிகர்கள் அவனைப் பூட்டி வைப்பார்கள். வாந்திக்கும் பேதிக்கும் கடும் மருந்து கொடுத்து, விழுங்கியது வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். சில வருடங்கள் கழித்து, 1807இல், ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் அரிப்பில் நடந்ததை விவரமாக எழுதினார். அழுகவிட்ட சிப்பியை நீண்ட வள்ளத்தில் இட்டுக் கழுவுவார்கள். கழுவுகிறவர்கள் அரையில் ஒரு துண்டோடு வரிசையாக உட்கார வேண்டும். இருபக்கமும் மேற்பார்வைக்காரர் நிற்பார்கள். கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது.

பல பாகம் ஆழத்துக்கு, கல்லைக் காலில் பிடித்து, மூச்சை அடக்கி இறங்கிய மனிதர்கள் அவர்கள். அவர்களின் வயிற்றைக் கரையில் வைத்துச் சந்தேகித்தார்கள். நிரூபிக்கும் சுமை முழுவதும் சந்தேகிக்கப்பட்டவனின் குடலில் விழுந்தது. களவு செய்யாதவனுக்கும் அதே மருந்துதான்.

ஆனால் அதே கரையில், பிற்காலச் சலாபங்களில், இன்னொரு காவலும் இருந்தது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான்.

கடற்கரையில் அலம்பல் வேலி கட்டிய பெரிய அடைப்பு ஒன்று இருக்கும். அதற்குக் கொட்டு என்று பெயர். படகுகள் திரும்பியதும் சிப்பி முழுவதும் கொட்டுக்குள் போக வேண்டும். ஒரு படகு கொண்டுவந்ததைக் குளிகாரர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு அவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்று பிரிக்கும்போது தெரியாது. பிரித்து முடிந்த பிறகு கொட்டு அதிகாரி வந்து, அரசுக்குரிய இரண்டையும் தெரிந்தெடுப்பார். மூன்றில் எது தங்களுக்கு மிஞ்சும் என்று தெரியாதவர்கள் மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பார்கள். ஒருவரையும் தடவிப் பார்க்கத் தேவையில்லை, ஒருவருடைய வாயையும் திறக்கச் சொல்லத் தேவையில்லை. 1906இல் மறிச்சுக்கட்டியில் இந்தக் கொட்டு வேலைக்கு நின்ற இளம் சிவில் சேவை அதிகாரி லெனர்ட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகி, தன் சுயசரிதையில் மன்னார்ச் சலாபத்தைப் பற்றி எழுதியவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு தன் பங்கைத் திறந்து முத்து எடுக்கவில்லை. மூடிய சிப்பியாகவே மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. எண்ணக்கூடிய பெரிய பொருளாகச் சிப்பி இருக்கும்போதே கணக்கை முடித்துவிட்டது. எண்ணவும் தேடவும் கடினமான முத்து அப்போது அரசின் கையில் இருக்கவில்லை. வாந்தி மருந்துக்குத் தேவை வந்தது முத்து வணிகர் கைக்குப் போன இடத்தில்தான்.

ஆக, சலாபத்தில் இரண்டு காவல்கள். ஒன்று முறையைச் சரியாக அமைத்து மனிதனைச் சும்மா விட்டது. மற்றது மனிதனைப் பிடித்து உலுக்கியது. கடை வாசல் டேக் எந்த வழியில் வந்தது என்று கேட்டால், அமைப்பில் அது மூன்று குவியலின் வழி. உங்கள் முகம், உடுப்பு, பேச்சு, சாதி, ஊர் எதையும் அது பார்ப்பதில்லை. வாசலைத் தாண்டும் அமைச்சருக்கும் மீன்காரிக்கும் ஒரே விதி. பொருளைப் பொருளாகவே காவல் காக்கிறது. அது வருவதற்கு முன் கடைகளில் இருந்தது என்ன? உங்கள் பின்னாலேயே நடந்துவரும் பொடியன். உடுப்பைப் பார்த்து ஆளை எடைபோடும் கண். அந்தக் கண்ணைவிட இந்தத் தூண் எவ்வளவோ நேர்மையானது என்பது என் துணிந்த எண்ணம்.

அந்த நேர்மையான கருவி கத்திய பிறகு மனிதர்கள் செய்வதுதான் பழைய வாந்தி மருந்தாகிவிடுகிறது.

சத்தத்துக்குப் பிறகு

2023இல் பொரளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில், திருட்டுச் சந்தேகத்தின்பேரில் ஒரு பெண்ணை ஊழியர்கள் தாக்கும் காணொளியை நாடே பார்த்தது. தாக்கிய ஊழியர்கள் கைதானார்கள். அந்தப் பெண் பொருளை எடுத்தாரா இல்லையா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. எடுத்திருந்தாலும் அடிக்கும் உரிமை எந்தக் கடைக்கும் கிடையாது. எங்கள் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், 35ஆம் பிரிவு, சாதாரண ஒருவர் இன்னொருவரைப் பிடிக்க இடம் கொடுக்கிறது. பிடிப்பவரின் கண் முன்னே, பொலிஸார் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று நடந்திருக்க வேண்டும், அல்லது அப்படியொரு குற்றம் செய்தவர் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதியாமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். ‘கண் முன்னே’ என்ற சொல்லைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். வாசலில் எழும் சத்தம் கண் அல்ல. அது எதையும் காணவில்லை.

விலை ஏறும் காலத்தில் இந்தச் சத்தம் கூடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பால்மாவுக்கு வரிசையில் நின்றதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு பிரித்தானியாவில் வெண்ணெய்க்கும் குழந்தைப் பால்மாவுக்கும் கூடச் சில கடைகள் டேக் மாட்டின. இலண்டனில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் இரண்டு பக்கத்தையும் அறிவார்கள். களவு போன ஒரு பொருளின் நட்டத்தை ஈடுகட்டப் பல பொருள் விற்க வேண்டிய சின்ன வியாபாரியின் வயிற்றெரிச்சலும் உண்மை, பிள்ளைக்குப் பால்மா வாங்க வழியில்லாத தாயின் தவிப்பும் உண்மை. தூணுக்கு இரண்டும் தெரியாது. அதனால்தான் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசல் பிழையாகக் கத்துவதற்குக் காரணங்கள் பல. காசாளரின் மறதிதான் எல்லோருக்கும் தெரிந்த காரணம். தட்டில் பொருளைச் சரியாக வைக்காமல் இழுத்துவிடுவது, வேறு கடையில் வாங்கியதில் அணைக்காமல் விட்ட டேக், தூணுக்குக் கிட்ட அடுக்கி வைத்த விற்பனைப் பொருள், பக்கத்து மின்கருவியின் இரைச்சல், இவையும் உண்டு. மறுபக்கம், தூண் கத்தாவிட்டால் களவே இல்லை என்றும் ஆகாது. பின்கதவால் போவதையும், சரக்கு இறக்கும்போது குறைவதையும், கணக்கில் விடும் பிழையையும் வாசலில் நிற்கும் தூண் காணாது. எங்கள் ஊரில் கடை நடத்தும் ஒருவர் இந்தக் கருவிக்குப் பணம் போடுமுன் தன் பின்கதவையும் இருப்புக் கொப்பியையும் ஒருதரம் பார்ப்பது நல்லது.

உயிரோடு தொடர்பான விடயம் ஒன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் வந்ததும், “திரும்பவும் இதுக்குள்ளால நடந்து காட்டுங்க, கொஞ்சம் நில்லுங்க” என்று தூண்களுக்கு நடுவிலேயே ஆளை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நெஞ்சுக்குள் இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்கு இது ஆபத்தாகலாம். தூணின் காந்த அலை அந்தக் கருவியைக் குழப்பி, தேவையில்லாத மின் அதிர்வு கொடுக்க வைத்த சம்பவம் 1998இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாதாரண வேகத்தில் நடந்து கடந்தால் பிரச்சினை இல்லை. தூண்களுக்கு நடுவில் நிற்கக் கூடாது, அவற்றில் சாயக் கூடாது. மருத்துவர்கள் சொல்வது இதுதான். அப்படிக் கருவி பொருத்தியவர்கள் அதைக் காவலாளியிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மறுபடியும் முத்துக் கரைக்கு வருகிறேன். அரிப்பில், கவர்னர் பிரெடரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் சுவர்கள் இன்றும் கடலோர மேட்டில் நிற்கின்றன. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். கடல் ஒவ்வொரு வருடமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. 1906இல் ஒரு கம்பனி பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்து, விரைவிலேயே முறிந்துபோனது. 1925க்குப் பிறகு சொல்லத்தக்க சலாபம் நடக்கவில்லை. அந்த மேட்டில் போய் நின்றபோது, வள்ளத்தைச் சுற்றிக் கை வாய்க்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவர்களும், கடை மேசையில் ஜெபமாலையை எடுத்து வைத்த பெரியம்மாவும் என் மனதில் ஒன்றாகத்தான் வந்தார்கள்.

மன்னார் பசாரிலும், பேசாலையிலும், தலைமன்னாரிலும், முருங்கனிலும் கடை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கருவியை வாங்கினால் காவலாளிக்கு ஒரு வசனத்தையும் சேர்த்துப் பழக்குங்கள். “மன்னிக்கோணும், டேக்கைக் கழற்ற நாங்கள் மறந்திருப்பம், ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ.” வாசலில், பத்துப் பேருக்கு முன்னால், ஒருவருடைய பையையும் கொட்டாதீர்கள். பில்லையும் பொருளையும் ஒரு பக்கமாக ஒத்துப் பார்த்தால் போதும். பெண் என்றால் ஒரு பெண் ஊழியர் பேசட்டும். கைப்பையைத் தொடவே வேண்டாம்.

வாங்கப் போகும் உங்களுக்கு ஒரு சொல். காசு கட்டியதும் பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டேக் கழன்றதா என்று மேசையிலேயே கேளுங்கள். பிறகும் வாசல் கத்தினால் ஓடவும் வேண்டாம், தலையைக் குனியவும் வேண்டாம். நின்று, பில்லைக் காட்டி, “உங்கட டேக்கை எடுங்கோ” என்று சொல்லுங்கள்.